பெட்டியின் முதுகு

மழை விட்ட மறுநாள் காலையில் சென்னை லஸ் முனையில் நின்று பேருந்துகளின் முதுகைக் கவனியுங்கள். பெசன்ட் நகர் போகும் 29சி-யின் பக்கவாட்டில் சேறு, சக்கரங்களை ஒட்டிக் கீழ்ப்பகுதியில் மட்டும் தெறித்திருக்கும். பின் கண்ணாடியோ மேல் விளிம்பு வரை பழுப்பேறிக் கிடக்கும். சக்கரம் வாரியிறைத்த சேறு பின்னால் தங்கிவிட வேண்டியதுதானே? முன்னே போய்க்கொண்டிருக்கும் வண்டியைத் துரத்தி வந்து முதுகில் ஏறி ஒட்டிக்கொள்ளும் வேகத்தை அதற்கு யார் கொடுத்தது?

காற்றுதான். பேருந்தின் முதுகை ஒட்டி ஒரு பெரிய காற்றுப் பொதி வண்டியோடு கூடவே பயணம் செய்கிறது. அது நிலையாக நிற்காமல் சுழல்கிறது. அதில் ஒரு பகுதி வண்டியை நோக்கியே வீசுகிறது. சாலைத் தூசி, புகை, சேற்றுத் துளி எல்லாம் அந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு பின் கண்ணாடியில் போய் அப்புகின்றன. பழைய பேருந்துகளின் பின்படிக்கட்டில் நின்று பயணம் செய்தவர்களுக்கு, தங்கள் வண்டியின் புகையே தங்கள் முகத்தில் அடித்தது நினைவிருக்கும். இந்தக் காற்றுப் பொதியை இழுத்துக்கொண்டு போகும் செலவும் டீசல் கணக்கில்தான் சேர்கிறது.

காற்றுக்கு எடை உண்டு. சென்னை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.15 கிலோ இருக்கும். இரண்டரை மீட்டர் அகலமும் மூன்று மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமும் கொண்ட ஒரு பேருந்தின் முகப்பரப்பு சுமார் 8 சதுர மீட்டர். அது ஒரு கிலோமீட்டர் ஓடினால் 8,000 கன மீட்டர் காற்றை விலக்குகிறது. எடையில் ஒன்பது டன்னுக்கு மேல். தன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட காற்றைக் கிலோமீட்டருக்கு ஒரு முறை தள்ளி வழிவிடச் செய்துகொண்டுதான் ஒவ்வொரு பேருந்தும் போகிறது.

விலக்குவதோடு வேலை முடிவதில்லை. விலகிய காற்று, வண்டி கடந்ததும் மறுபடி வந்து கூட வேண்டும். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெரு வழியே விரைந்து வரும் கூட்டம் உஸ்மான் சாலை முனையில் செங்குத்தாகத் திரும்புவதில்லை. வந்த வேகத்தில் சற்று வெளியே தள்ளிப் போய்த்தான் திரும்புகிறது, முனைக் கடையை ஒட்டிய மூலையில் கூட்டம் மெலிந்து போகிறது. பெட்டியின் கூர்மையான விளிம்பில் காற்றும் அப்படித்தான். தகட்டை ஒட்டி வந்த ஓட்டம் முனையில் பிய்த்துக்கொண்டு நேரே போய்விடுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தில் அழுத்தம் குறைகிறது. முகத்தில் காற்று மோதி அழுத்தம் கூடியிருக்க, முதுகில் அழுத்தம் குறைந்திருக்க, இந்த இரண்டின் வேறுபாடு வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. பெட்டி வடிவ வண்டிகளின் காற்று இழுவையில் மிகப் பெரும் பங்கு இதுதான். தகட்டின் மேல் காற்று உரசுவதால் வரும் இழுவை இதற்கு முன் சிறிது.

இழுவை விசையைக் கணக்கிடும் சூத்திரம் பள்ளி மாணவர்களுக்கும் எட்டக்கூடியது. காற்றின் அடர்த்தியில் பாதியை எடுத்து, முகப்பரப்பால் பெருக்கி, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, கடைசியாக இழுவைக் குணகம் என்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வடிவத்தின் குணம் முழுவதும் அந்த ஒற்றை எண்ணில் அடங்கிவிடுகிறது. முகத்தை நேரே காட்டி நிற்கும் கனசதுரத்துக்கு அது 1.05 அளவில் வரும். பந்துக்கு 0.47 அளவில். வால் நீண்டு ஒடுங்கும் நீர்த்துளி வடிவத்துக்கு 0.05 அளவுக்கும் இறங்கிவிடும். இன்றைய கார்கள் 0.3-க்கும் கீழே வந்துவிட்டன. சாதாரணப் பேருந்துகள் 0.6, 0.7 அளவில் நிற்கின்றன.

சூத்திரத்தில் வேகம் வர்க்கமாக வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் நகரத்துக் கதை சட்டென்று விளங்கிவிடும்.

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்குப் போகும் 5பி-யை எடுத்துக்கொள்வோம். ஆட்களோடு சேர்த்து 15 டன் என்று வைத்துக்கொள்வோம், குணகம் 0.65. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மீது காற்று செலுத்தும் இழுவை சுமார் 92 நியூட்டன். அதை வெல்ல அரை கிலோவாட் திறன் போதும். ஒரு மிக்சி எடுக்கும் அளவுதான். அதே வேகத்தில் டயர்கள் நசுங்கி உருள்வதற்கே பத்து மடங்குக்கு மேல் திறன் வேண்டும். குளிர்சாதனப் பேருந்து என்றால் குளிரூட்டும் கருவி மட்டும் பத்து கிலோவாட்டுக்கு மேல் குடிக்கும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது பிரேக்கின் செலவு. 15 டன் வண்டியை நிறுத்தத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 9 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் கொடுக்க வேண்டும். அரை கிலோமீட்டர் தள்ளி அடுத்த நிறுத்தம் வந்ததும் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க, அது முழுவதும் வெப்பமாகிப் போகிறது. அந்த அரை கிலோமீட்டர் முழுக்க 40-லேயே ஓடியிருந்தாலும் காற்று எடுத்துக்கொண்டிருப்பது 2 லட்சம் ஜூலுக்கும் குறைவு. ஒவ்வொரு முறை புறப்படும்போதும் சுமார் 70 மில்லி டீசல் எரிந்து, அடுத்த சிக்னலில் பிரேக் சூடாக முடிகிறது என்று சொல்லலாம்.

ஆகவே நகரப் பேருந்து பெட்டியாக இருப்பது சரியே. சரி என்பதோடு நிற்காமல், அது பெட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்வேன். செங்குத்தான முகம், செங்குத்தான முதுகு, தட்டையான கூரை ஆகியவற்றால் கிடைக்கும் ஒவ்வொரு சதுர அடியும் மாலை நேரத்தில் ஒரு மனிதர் நிற்கும் இடம். சாய்ந்த மூக்கு வைத்த நகரப் பேருந்து கண்ணுக்கு வேகமாகத் தெரியலாம். பனகல் பூங்காவைச் சுற்றி ஊர்ந்து வரும்போது அந்த மூக்கால் ஒரு சொட்டு டீசலும் மிஞ்சாது, உள்ளே இரண்டு பேர் நிற்கும் இடம்தான் போகும். நகரத்துக்கு வேண்டிய மருந்து வேறு. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளில் அது இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி ஓடும் வண்டிக்கு இது செய்யும் நன்மையை, வண்டியின் வடிவத்தைச் சோதிக்கும் எந்தக் காற்றுச் சுரங்கமும் செய்துவிட முடியாது.

அதே பெட்டி இரவு ஒன்பது மணிக்குக் கிளாம்பாக்கத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் கணக்கு தலைகீழாகிறது.

நான் எடுத்துக்கொண்ட அதே 15 டன், அதே முகப்பரப்பு, அதே குணகம். ஏறக்குறைய 67 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இழுவையும் டயரின் இழுவையும் சமமாகின்றன. அதற்கு மேல் காற்றின் ஆட்சி. மணிக்கு 80 கிலோமீட்டரில் காற்றுக்கு மட்டும் 33 கிலோவாட் செலவாகிறது. 100-இல் 64 கிலோவாட், அதாவது 86 குதிரைத்திறன். விசை வேகத்தின் வர்க்கமாக ஏறினால் திறன் அதன் கனமாக ஏறும் என்பதால்தான் இருபது கிலோமீட்டர் கூடும்போது செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

சென்னையிலிருந்து மதுரை 460 கிலோமீட்டர். 80-இல் ஓடினால் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டீசல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதையும் சேர்த்தால், காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் அந்த ஓர் இரவில் சுமார் 50 லிட்டர் டீசல் போகிறது. இழுவையை 15 சதவீதம் குறைத்தால் ஏழரை லிட்டர் மிஞ்சும். ஆண்டுக்கு 300 இரவு ஓடும் ஒரு வண்டிக்கு 2,200 லிட்டருக்கு மேல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். ஆக ஒரே பேருந்து ஆண்டுக்கு ஆறு டன் குறைவாகக் கக்கும். தொலைதூர மின்சாரப் பேருந்து என்றால் இந்த லாபம் தூரமாகவே கிடைக்கும். 300 கிலோமீட்டர் பயணத்தில் 18 யூனிட் மின்சாரம் மிஞ்சும்; அந்த அளவுக்கு மின்கலத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

15 சதவீதம் என்பது பேராசையும் இல்லை. அதற்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பது பலர் நினைப்பதற்கு மாறானது. வேகமாகப் போகும் பொருள் கூர்மையான மூக்கோடு இருக்க வேண்டும் என்பது நம் எல்லோர் மனத்திலும் பதிந்த படம். ஒலியை மிஞ்சும் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் அது பொருந்தும். பேருந்தின் வேகத்தில் மூக்கு கூராக இருக்க வேண்டியதே இல்லை. விளிம்பு கூராக இல்லாதிருந்தால் போதும்.

இதை முதலில் ஊருக்கெல்லாம் காட்டிய வண்டிகளில் ஒன்று ஃபோக்ஸ்வாகன் வேன். 1950-இல் உற்பத்திக்கு வந்த, இன்றும் பலருக்குப் பிடித்த அந்த உருண்டை முகப் பெட்டியின் முதல் மாதிரியில் இழுவைக் குணகம் 0.75 ஆக இருந்தது. பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்து, முன் கண்ணாடியை இரண்டாகப் பிரித்து நடுவில் சற்று முன்னே தள்ளி, விளிம்புகளை உருட்டினார்கள். குணகம் 0.44-க்கு இறங்கியது. அதே நிறுவனத்தின் வளைவும் நெளிவுமான பீட்டில் கார் 0.48-இல் நின்றது. பெட்டி காரை வென்றுவிட்டது.

அடுத்த சோதனை 1973-இல் கலிஃபோர்னியாவில் நடந்தது. நாசாவின் பறப்பு ஆய்வு மையத்தில் வேலை பார்த்த எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் சைக்கிளில் அலுவலகம் போகிறவர். பெரிய லாரிகள் கடக்கும்போது முதலில் ஓர் அலை தன்னை ஓரத்துக்குத் தள்ளுவதையும், அடுத்து ஓர் இழுப்பு தன்னைச் சாலையை நோக்கி வாங்குவதையும் உணர்ந்தார். இத்தனை காற்றைக் கலக்கும் வண்டி எவ்வளவு ஆற்றலை வீணாக்கும் என்று யோசித்தார். எண்ணெய் விலை ஏறிய காலம் அது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, எல்லா மூலையும் செங்கோணமாக இருக்கும் சுத்தமான பெட்டியாக்கினார்கள். ஓட்டி, இழுவையை அளந்தார்கள். பிறகு ஒவ்வொரு விளிம்பாக உருட்டினார்கள். முன்னும் பின்னும் உள்ள செங்குத்து விளிம்புகளை உருட்டியதில் இழுவை 40 சதவீதம் குறைந்தது. கிடை விளிம்புகளையும் உருட்டியபோது 54 சதவீதம். உள்ளே இழந்த இடம் 3 சதவீதம்தான்.

உருட்டிய விளிம்பு என்னதான் செய்கிறது? தட்டையான முகத்தின் நடுவில் காற்று மோதி நின்று அழுத்தம் ஏறுகிறது. அதை மாற்ற முடியாது. ஆனால் முகத்திலிருந்து பக்கவாட்டுக்குத் திரும்பும் காற்று வளைவான விளிம்பை ஒட்டியே ஓடுமானால் அங்கே வேகம் கூடி அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் விளிம்பை முன்னோக்கி உறிஞ்சுகிறது. நடுமுகத்தில் பட்ட அடியில் பெரும்பகுதியை விளிம்பில் கிடைக்கும் இந்த இழுப்பு ஈடுகட்டிவிடும். நன்றாக உருட்டிய பெட்டியின் முகம் மொத்த இழுவைக்குத் தரும் பங்கு வியக்கும்படி சிறியது. இதற்குத் தேவையான வளைவும் சிறியதுதான். இரண்டரை மீட்டர் அகல வண்டிக்கு ஒரு சாண் ஆரம் இருந்தாலே காற்று பிய்த்துக்கொள்ளாமல் திரும்பிவிடும். அதற்கு மேல் உருட்டுவதால் கிடைப்பது சொற்பம்.

முகத்தைச் சரிசெய்துவிட்டால் மிஞ்சுவது முதுகு. இதை ஆராய இன்று உலகம் முழுவதும் பயன்படும் பொதுமாதிரியும் ஒரு பெட்டிதான். 1984-இல் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து எஸ். ஆர். அகமது இரு துணை ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வில் வந்தது. முன் விளிம்புகள் உருட்டப்பட்ட, ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள அந்தச் சாதாரணப் பெட்டிக்கு இப்போது ‘அகமது பாடி’ என்றே பெயர். வண்டிக் காற்றியல் படிக்கும் மாணவர்கள் கணினியில் முதலில் ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். அதன் இழுவையில் ஏறக்குறைய 85 சதவீதம் அழுத்த வேறுபாட்டால் வருவது, அதிலும் பெரும்பகுதி பின்பக்கத்தில் பிறப்பது என்று அந்த ஆய்வு காட்டியது.

அகமது, பின்பக்கத்து மேல் விளிம்பைப் பல கோணங்களில் சீவிப் பார்த்தார். பன்னிரண்டரைப் பாகை அளவில் மென்மையாகச் சீவினால் காற்று சரிவை ஒட்டியே கீழிறங்குகிறது. முதுகில் அழுத்தம் கூடுகிறது. இழுவை மிகக் குறைகிறது. கோணத்தைக் கூட்டக் கூட்ட, சரிவின் இரண்டு ஓரங்களிலும் முறுக்கிக்கொண்டு இரு சுழல்கள் கிளம்புகின்றன. அவை தகட்டின் மேல் அழுத்தத்தைக் குறைத்து வண்டியைப் பின்னே இழுக்கின்றன. 30 பாகையில் இழுவை உச்சத்தைத் தொடுகிறது. அதையும் தாண்டினால் ஓட்டம் முழுவதும் பிய்த்துக்கொள்ள, இழுவை திடீரென்று விழுகிறது. இதன் நடைமுறைப் பொருள் பெரிது. முதுகை அழகுக்காகக் கண்ட கோணத்தில் சாய்த்தால், சாய்க்காத பெட்டியை விட மோசமான வண்டி கிடைக்கக்கூடும். நம் ஆம்னி பஸ்களின் பின்புறத்தில் பார்க்கும் வளைவு, மடிப்பு, மீன்செதில் போன்ற அலங்காரங்களில் எத்தனை காற்றைக் கேட்டுச் செய்யப்பட்டவை என்ற கவலை எனக்கு உண்டு.

வெளிநாட்டில் இதற்கு இரண்டு வழிகள் கண்டார்கள். ஒன்று, பெட்டியின் பின்விளிம்பிலிருந்து உட்சாய்வாக நீளும் மடக்குத் தகடுகள். கதவைத் திறக்கும்போது மடங்கிவிடும். ஓடும்போது வால் போல ஒடுங்கி நிற்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் லாரிகளின் நீள வரம்பில் இந்தத் தகடுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட வழிசெய்தது. மற்றொன்று, பெட்டியின் கூரையையே நடுவில் உயர்த்தி வால்பக்கம் தாழ்த்திக் கட்டுவது. பிரிட்டனில் அத்தகைய டிரெய்லர்கள் ஓடுகின்றன. கலிஃபோர்னியா 2008-இல் பெரிய பெட்டி டிரெய்லர்களுக்குக் காற்றுத்தடை குறைக்கும் அமைப்புகளைக் கட்டாயமாக்கும் விதியைக் கொண்டுவந்தது. நம் சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும் வால் ஒரு வாரம் தாங்காது என்பார்கள். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் கூரையின் கடைசி ஒரு மீட்டரையும் பக்கவாட்டின் கடைசி ஒரு மீட்டரையும் பத்துப் பாகைக்குள் உட்சாய்த்துக் கட்ட எந்த வாலும் வேண்டாம். பின்வரிசைத் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் குறையும். அவ்வளவுதான்.

இதைச் செய்யக்கூடியவர்கள் நம்மிடையே இருப்பதுதான் தமிழ்நாட்டின் தனிச்சிறப்பு. இந்தியாவின் பல ஊர்களில் ஓடும் பேருந்துகளின் உடல் கரூரில் பிறந்தது. லாரிக்கு நாமக்கல். தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சக்கரமும் சட்டமும் மட்டும் கொண்ட ஷாசி வருகிறது. பட்டறையில் குழாய்ச் சட்டம் பற்றவைத்து, தகடு அடித்து, பாடி கட்டுகிறார்கள். வண்டியின் இழுவைக் குணகம் அந்தப் பட்டறைத் தரையில்தான் தீர்மானமாகிறது. முன் விளிம்புக்கு ஒரு சாண் ஆரத்தில் வளைத்த தகடா, மடித்து முனை எடுத்த தகடா என்பது ஒரு மேஸ்திரியின் அச்சைப் பொறுத்தது. ஒரு முறை நல்ல அச்சு செய்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அது இலவசம்.

லாரிகளில் இன்னும் எளிய வேலைகள் கிடக்கின்றன. கேபினை விட லோடு பெட்டி உயரமாக இருந்தால், அந்த உயர வித்தியாசம் முழுவதும் காற்றை நேரே வாங்கும் சுவர். கேபின் கூரை மேல் சாய்வான கவசம் வைத்துக் காற்றைப் பெட்டியின் மேல்விளிம்புக்கு ஏற்றிவிடும் வழக்கம் 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்க லாரிகளில் பரவியது. நம் லாரிகளில் கேபின் மேல் நிற்பது பெரும்பாலும் கேரியரும் சுருட்டிய தார்ப்பாயும். லோடு மேல் போர்த்திய தார்ப்பாய் தளர்ந்து படபடக்கும்போது அந்த ஒவ்வொரு அடியும் எஞ்சினிலிருந்து வந்த ஆற்றல்தான். கயிற்றை இழுத்துக் கட்டுவதற்குச் செலவே கிடையாது. பேருந்துக் கூரையில் பார்சல் ஏற்றுவதும் அப்படியே. ஓர் அடி உயரத்துக்குச் சாக்குகளை அடுக்கினால் முகப்பரப்பு முக்கால் சதுர மீட்டர் கூடுகிறது, கரடுமுரடான விளிம்புகளோடு.

சென்னைக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகிறது. கோடையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து வண்டியின் விலாவில் அடிக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு விநாடிக்கு 6 மீட்டர் பக்கக் காற்று சேர்ந்தால், வண்டி உணரும் காற்று நேர் எதிரிலிருந்து 15 பாகை விலகி வருகிறது. காருக்கு இது பொருட்டில்லை. நீண்ட பெட்டிக்கு அது இரட்டை அடி: காற்றுப்படாத விலாவில் ஓட்டம் பிய்த்துக்கொண்டு சுழல் பெருகுகிறது, கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் காற்று புகுந்து குறுக்கே ஓடுகிறது. முட்டுக்காடு பாலத்தில் மறைப்பில்லாத இடத்துக்கு வந்ததும் உயரமான வண்டிகள் சற்று அலைவதைப் பார்க்கலாம். நேர்க்காற்றில் அளந்த குணகத்தை மட்டும் நம்பிக் கடற்கரை ஊரில் வண்டி வடிவமைக்க முடியாது.

அதே சாலையில்தான் சால்ட்ஸ்மன் சைக்கிளில் உணர்ந்ததை நம் இருசக்கர வண்டிக்காரர்கள் தினமும் உணர்கிறார்கள். பெரிய பேருந்து பக்கத்தில் கடக்கும்போது முன்னால் வரும் அழுத்த அலை வெளியே தள்ளும். முகம் கடந்ததும் அழுத்தம் குறைந்து உள்ளே இழுக்கும். முதுகு கடந்ததும் சுழல் இரண்டு பக்கமும் மாறி மாறி உலுக்கும். லாரியின் நிழலில் ஒட்டிப் போனால் காற்றுத் தெரியாமல் சுகமாக இருக்கும் என்று சிலர் பின்னாலேயே போகிறார்கள். அந்த நிழலிலிருந்து ஓரடி விலகியதும் முழுக் காற்றும் ஒரே நொடியில் தோளில் அடிக்கும். பெட்டியின் இழுவையைக் குறைப்பது டீசல் விஷயம் மட்டுமே என்றிருந்தால் அதை முதலாளிகளின் கணக்குப் புத்தகத்துக்கு விட்டுவிடலாம். குழந்தையை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போகிறவர்களையும் இது தொடுவதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

லாரியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலுள்ள திறப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சரிந்து விழுகிறவர் சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பக்கவாட்டுத் தடுப்பு இருக்க வேண்டும் என்று இந்திய விதிகள் சொல்கின்றன. பெரும்பாலும் அது இரண்டு இரும்புக் கம்பிகளாக முடிந்துவிடுகிறது. கம்பிகளின் இடத்தில் முழுத் தகடு அடித்தால் விழுகிறவருக்கு இன்னும் நல்ல பாதுகாப்பு. வண்டியின் அடியில் புகுந்து அச்சுகளிலும் தொட்டிகளிலும் மோதிக் குழம்பும் காற்றும் வெளியே நிற்கும். உயிருக்கும் எரிபொருளுக்கும் ஒரே தகடு உதவுகிற இடம் பொறியியலில் அதிகம் வாய்ப்பதில்லை.

அடையாறிலிருந்து கிண்டிக்குப் போகும் சர்தார் படேல் சாலை இந்த விஷயத்தில் பாக்கியம் செய்தது. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், அசோக் லேலண்ட் தலைமையகம் மூன்றும் அதே சாலையில்தான் இருக்கின்றன. ஐ.ஐ.டி. மாணவர்கள் தையூர் வளாகத்தில் சுமார் 420 மீட்டர் நீளக் குழாய் அமைத்து, காற்றையே வெளியேற்றிவிட்டு அதனுள் வண்டி ஓட்டும் ஹைப்பர்லூப்பில் இறங்கியிருக்கிறார்கள். காற்று இழுவைக்கு அதைவிட முற்றான தீர்வு கிடையாது. அந்தத் துணிச்சல் மதிப்புக்குரியது. அதே வளாகத்திலிருந்து கரூர்ப் பட்டறைக்கு ஒரு தகட்டு அச்சும், நாமக்கல்லுக்கு ஒரு கேபின் கவசத்தின் வரைபடமும் போய்ச் சேருவது எனக்கு அதைவிட அவசரமாகத் தோன்றுகிறது. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை மணிக்கு 120 கிலோமீட்டருக்கு வடிவமைக்கப்பட்டது. 80-இல் ஓடும் பேருந்து 100-க்கு ஏறினால் இழுவை விசை 56 சதவீதம் கூடும். அந்தச் சாலையில் ஓடப்போகும் பாடிகள் இன்று கட்டப்படுகின்றன.

பட்டறைக்காரர் காற்றுச் சுரங்கத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வண்டியின் மேல் ஒரு விரல் நீளக் கம்பளி நூல்களை நாடாவால் ஒட்டி, ஓடும்போது பக்கத்து வண்டியிலிருந்து படம் எடுத்தால், காற்று ஒட்டியோடும் இடத்தில் நூல் படிந்து கிடக்கும். பிய்த்துக்கொண்ட இடத்தில் தாறுமாறாக ஆடும். பழுது எந்த விளிம்பில் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். அளவும் எடுக்கலாம். ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையம் போன்ற இடத்தில் சமதளச் சோதனைத் தடத்தில் வண்டியை 80-க்கு மேல் கொண்டுபோய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, 80-இலிருந்து 60-க்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். காற்றின் திசை ஏமாற்றாதிருக்கப் போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நான் கணக்கிட்ட பேருந்துக்கு அது 39 வினாடி அளவில் வரும். இழுவையை 15 சதவீதம் குறைத்த பிறகு 42 வினாடி அளவில் வரும். இடையிலுள்ள மூன்று வினாடியை ஒரு சாதாரண கைக்கடிகாரத்தாலேயே பிடித்துவிடலாம்.